சம்பந்தியின் அளவில் ஒரு சப்பாத்து வாங்கு

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மயூரிக்கு,

இங்கே அம்மாவும் நானும் நல்ல சுகம், என் இடது கைப் பெருவிரல் ஒன்றைத் தவிர, அதன் கதை பின்னால் வரும். நீயும் மருமகனும் பேத்தியும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் விளக்கு வைக்கிறாள். நேற்றும்தானே வீடியோவில் கதைத்தோம், இப்போது ஏன் அப்பா கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். வீடியோவில் கதைத்தால் உனக்குப் பின்னால் சோபாவில் உன் மாமனார் இருக்கிறார் பிள்ளை, நான் எதைச் சொன்னாலும் அங்கிருந்து ஒரு பதில் வருகிறது. அதனால்தான் கீழ் வீட்டு ஸியாம் திங்கட்கிழமை டொரொன்டோவுக்கு வருகிறார் என்றதும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதையும் வைத்து ஒட்டுகிறேன். தனியாக இருக்கும்போது வாசி.

விஷயம் அந்தச் சப்பாத்து வாங்கு. போன மாதம் நீ அனுப்பிய வீடியோவில் கதவடியில் ஒரு மர வாங்கு, மேலே ஆள் இருக்கலாம், அடியில் சப்பாத்து வைக்க நாலு அறை. பேத்தி அதில் ஏறியிருந்து காலை ஆட்டிக்கொண்டு அப்பப்பா செய்தது, அப்பப்பா செய்தது என்று நாலு தரம் சொன்னாள், நான் எண்ணினேன். அந்த அப்பப்பா, நிக்கலஸ் சம்பந்தி, ஒரு கையை அதில் ஊன்றிக்கொண்டு கப்பல் கட்டி இறக்கியவர் போல நின்றார். குடும்ப குரூப்பில் எல்லோரும் கைதட்டிப் போட்டார்கள். அம்மாவும் போட்டாள், அன்று பின்னேரம் வரை நான் அவளோடு கதைக்கவில்லை. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை, நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். அவரும் உன் மாமி யோசெப்பினும் உங்களிடம் வந்து ஏழு மாதம். அம்மாவின் முழங்கால் அவ்வளவு நேரம் பிளேனில் மடங்கி இருக்காது, இல்லாவிட்டால் அந்த வீட்டில் மரம் அறுக்கும் வாளும் சுத்தியலும் பிடித்திருக்க வேண்டியவன் நான்.

சொன்னால் சிரிப்பாய், அந்த வீடியோவைப் பதினேழு தரம் பார்த்தேன். பிறகு, கடையில் கூட வேலை செய்த ஒருவர் அந்த வாங்கின் அளவு கேட்கிறார் என்று உன்னிடம் சொன்னேனே, அப்படி ஒருவரும் இல்லை, கேட்டது நான்தான். நீ அளந்து சொல்வாய் என்று பார்த்தால் மாமாவிட்டயே கேளுங்கோ அப்பா என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாய். நீளம் நாலடி, உயரம் இருபத்திரண்டு அங்குலம், உள் அறை பதினெட்டு என்று மனிசன் மூச்சு விடாமல் ஒப்புவித்தார். அதோடு விட்டாரா, மூலைமட்டம் வைச்சு வெட்டச் சொல்லுங்கோ சம்பந்தி உங்கட கூட்டாளியை, இல்லாட்டி ஆடும் என்று புத்தியும் சொன்னார். காலி வீதியில் நாற்பது வருடம் புடவைக்கடையில் நின்று துணி அளந்தவன் நான், எனக்கு அளவு சொல்லித் தருகிறார்.

அடுத்த நாளே தெஹிவளைப் பக்கம் ஒரு மரக்காலைக்குப் போய்ப் பைன் பலகை எடுத்தேன். அங்கே நின்றவர் அளவைப் பார்த்துவிட்டு இது நாய்க்கூட்டுக்கா மாத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். சப்பாத்து வைக்க என்றேன். இவ்வளவு உயரத்துக்கா என்று திரும்பவும் கேட்டார். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும், எரிச்சலில் காது கேட்கவில்லை. பலகைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க ஆட்டோவில் ஏற்றி வந்து, மேல் மாடியில் உடுப்புக் காயப்போடும் இடத்தில் நாலு நாள் வேலை. துணி வெட்டிய பழக்கத்தில் ஒவ்வொரு பலகையிலும் மடித்துத் தைக்க விடுவது போல இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டியிருக்கிறேன், பொருத்தும்போதுதான் தெரிந்தது. பலகையை எங்கே மடிப்பது, எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். மூன்றாம் நாள் ஆணி அடிக்கும்போது அப்பப்பா செய்தது என்ற குரல் ஞாபகம் வந்தது, சுத்தியல் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப் போயிருக்கிறது, பயப்படாதே, மருந்து கட்டியாயிற்று. வார்னிஷும் இரண்டு தரம் பூசினேன், அவருடையதில் ஒரு தரம்தான் பூசியிருக்கிறது, வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது.

வாசலில் கொண்டுவந்து வைத்து அம்மாவை இருக்கச் சொன்னேன். இருந்தாள், கால் நிலத்தில் படவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தொங்கியது. எங்கள் செருப்புகளை உள்ளே வைத்தால் குகைக்குள் பல்லி கிடப்பது போலக் கிடக்கின்றன. முன் வீட்டு ஸும்றா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கிள், இது செருப்புக்கா ஆட்டுக்கா என்று கேட்டாள், அம்மாவுக்குச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நான் கோபத்தோடு உள்ளே போய் வீடியோவைப் பதினெட்டாம் தரம் போட்டேன். அதுவரை நான் சம்பந்தியின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன் போல, அன்றைக்குத்தான் அறைகளுக்குள் பார்த்தேன். எல்லாம் முழங்கால் மட்டும் வரும் பனிப் பூட்ஸ். இங்கே இருப்பது அம்மாவின் ரப்பர் செருப்பும் என் தோல் செருப்பும். டொரொன்டோப் பனிக்கு நான் வெள்ளவத்தையில் தளபாடம் செய்திருக்கிறேன் மகள். ஆனால் ஒன்று, அது ஆடவில்லை.

அம்மா அன்றே மூன்று அறையில் தேங்காயும் வெங்காயமும் அடுக்கிவிட்டாள். குறுக்கே பாதியாய் அறுத்துவிடுங்கோ, அளவாய் வரும் என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பொறாமை, அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. வாங்கில் பொறாமை இல்லை. நீ வேலை முடிந்து வந்து அதில் இருந்து பூட்ஸைக் கழற்றுவதை அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். களைத்த முகத்தோடு வருகிறாயா, ஒபிசில் யாரோடாவது முட்டுப்பட்டுக்கொண்டு வருகிறாயா என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் நீ முகம் கழுவித் தலை சீவிக்கொண்டுதான் வருகிறாய். சுகமா என்றால் சுகம் என்கிறாய். சம்பந்தி நல்ல மனிதர்தான், அதுவும் எனக்குக் கோபமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. போன இரண்டு தரமும் கட்டுநாயக்காவில் இறங்கி நீ முதலில் ஹெந்தளைக்கு, சம்பந்தி வீட்டுக்குத்தான் போனாய். எயார்போட்டுக்குக் கிட்ட, பிள்ளை களைத்திருக்கும் என்று அவர்கள் சொன்னபோது நானும் பெரிய மனிதர் மாதிரித் தலையாட்டினேன். மூன்றாம் நாள் எங்கள் வாசலுக்கு நீ வந்தபோது காலில் புதுச் செருப்பு, பயணம் வந்த சப்பாத்து ஹெந்தளையில் கிடந்தது. அந்தச் செருப்பின் நிறம்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த டிசம்பரில் சம்பந்திமாரும் உங்களோடு ஒரே பிளேனில் வருகிறார்கள், ஒரே வான் வண்டியில் எல்லோரும் ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு வாகனம் தனியாகப் பிடித்துக் கொடு. ஹைவேயால் வந்தால் ஹெந்தளைப் பக்கம் திரும்பவே தேவையில்லை, நான் விசாரித்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் எங்களோடு இருந்துவிட்டு அங்கே போ, எத்தனை நாளும் இரு, நான் வாய் திறக்க மாட்டேன்.

இரவில் சாப்பிடாமல் படுக்காதே, பேத்தியோடு வீட்டில் தமிழில் கதை, மருமகனையும் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து இருக்க எங்கள் ஆசீர்வாதம். பிளேன் ஏறும்போது மறக்காமல் அந்த நீளப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா. கொழும்பு வெயிலில் பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், கால் வியர்க்கட்டும், பரவாயில்லை. இடது பக்கத்து அறையில் தேங்காய் வைக்க நான் அம்மாவை விடவில்லை. அந்தப் பூட்ஸை எங்கள் வாசலில் வந்து கழற்று.

இப்படிக்கு,
உன் வரவு பார்த்திருக்கும் அப்பா,
யோகராஜ்