பதினோராம் லைன்

மார்ச் 3

அன்று ரயில் கூட்ஸ் யார்டில் இருந்தவர்கள்: வேகனில் லைன் நம்பர் எழுத நான். மேட்டு உச்சியில் கொக்கி கழற்ற, ஷிப்ட் மேஸ்திரியான என் வீட்டுக்காரர். கேபினில் லீவர் இழுக்க என் தங்கை புருஷன். பதினோராம் லைனில் வேகன்களை இணைக்கும் சங்கிலி மாட்ட என் தம்பி. எஞ்சினில், கொட்டாவி என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. ஒரு முகம் மறக்கவில்லை.

யார்டை மூடப் போகிறார்களாம். அதற்குள் படம் வரைந்து வைக்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். "நான் நாலாங்கிளாஸ்தான். ஆனா கேளு, ஒரு தண்டவாளம் விடாம சொல்றேன்" என்றேன். வந்த வண்டி நிற்க ஆறு லைன். அப்புறம் மேடு. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். உச்சியில் கழற்றிவிட்டால் வேகன் தானாக உருளும். கீழே விசிறி மாதிரி இருபத்துநாலு லைன், ஊருக்கு ஒன்று. முதலில் பன்னிரண்டுதான், நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மீதியைப் போட்டார்கள். வேகன் பலகையில் நான் சாக்பீஸால் எழுதும் நம்பரைப் பார்த்துத்தான் கேபின்காரர் லைனைத் திருப்புவார்.

மார்ச் 4

தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டாள். நான் பதினாலு எழுதினேன். கேபின்காரர் பதினொன்றில் விட்டார். உருண்டு வரும் வேகனுக்குச் சத்தம் கிடையாது. அவன் குனிந்திருந்தான்.

விசாரணையில் அடித்துச் சொன்னேன், என் கை எழுதினது எனக்குத் தெரியாதா என்று. வேகனிலும் பதினாலு மட்டும்தான் இருந்தது. "எனக்குப் பதினொண்ணுதான் தெரிஞ்சுது" என்றார் அவர். வேலை போயிற்று. நல்லா வேணும் என்றேன். அன்றிலிருந்து தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன வருஷம் அவர் செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 6

மழை. முழங்கால் குத்துகிறது. போகவில்லை.

மார்ச் 7

பழைய வேகன் ஒன்றில் அந்தப் பெண் அடையாளத்துக்கு 3 என்று எழுதினாள். "அது அஞ்சாவது லைன்டி. கண்ணைப் பையில வச்சிருக்கியா?" என்றேன். சிரித்துக்கொண்டே ஈரத் துணியால் துடைத்து 5 எழுதினாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். பலகை காய்ந்திருந்தது. 3 திரும்ப வந்திருந்தது, பளிச்சென்று. ஈரத்தில் எழுதிய 5தான் மங்கல்.

நாங்களும் ஈரச் சாக்குத் துணியால்தான் துடைப்போம். முந்தின யார்டில் எழுதிய நம்பர் ஒவ்வொரு வேகனிலும் இருக்கும். பலகை உலர்ந்த பிறகு காய்ந்த சாக்குத் துணியால் இன்னொரு தடவை தேய்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அன்று அவசரம். தேய்த்தேனா? — இல்லையே. ஐயோ, தேய்க்கலையே நான்.

"என்ன பாட்டி, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ வரை."

மார்ச் 8

அப்படியானால் விசாரணையில் பதினாலு மட்டும் எப்படி இருந்தது?

மார்ச் 10

தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வழி தெரிஞ்சுதா?" என்றாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரியும்க்கா. அத்தான் கடைசிக் காலத்துல இங்க வந்து அழுதாரு. வேகன்ல பழைய பதினொண்ணு, உன் பதினாலு, ரெண்டு நம்பரும் இருந்துச்சாம். உன்னைக் காப்பாத்தணும்னு அவரே துடைச்சிட்டு, பதினாலு மட்டும் எழுதி வச்சாராம்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எங்க வீட்டுக்காரருதான் வேணாம்னாரு. தம்பி போனது தன் கையாலன்னு தெரிஞ்சா அக்கா தாங்க மாட்டாங்கன்னாரு."

தண்ணீர் கொடுத்தாள்.

தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் கேபின்காரரைத் திட்டுவேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, தலை நிமிராமல், சாகும்வரை இருபது வருஷம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நல்ல மனுஷன் உயிரோடு இருக்கும்போதே காலில் விழுந்திருப்பேன்.

தம்பியை நான் சுமந்துகொள்கிறேன். மன்னிக்காதது ஒருவரைத்தான் — என் வீட்டுக்காரரை.