காலண்டரில் உங்கப்பா

கண்ணு,

பொங்கலுக்கு நான் வெண்ணந்தூர் வரவில்லை. ஆபீசில் வேலை என்று உங்கப்பாவிடம் சொல்லிவிடு.

எங்கள் முட்டைக் கம்பெனி தண்ணீரைச் சேமித்ததற்கு ஆதாரமாக ஒரு படம் ஏற்றாவிட்டால், நான் நிரப்பும் சுற்றுச்சூழல் அறிக்கை சாப்ட்வேர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. என் போனில் இருந்தது, உங்கப்பா ஊர்க்காரர்களோடு சேற்றில் நின்று குளம் தூர்வாரிய படம். அதை ஏற்றி, "எங்கள் நிறுவனம் தூர்வாரிய குளம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கம்பெனி அதையே காலண்டராக அடித்துவிட்டது. உங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கிறது.

நேற்று உங்கப்பா போனில் சிரித்தார். "மாப்பிள்ளை, ஊடு தேடி வந்து பாக்கறாங்க. கீழ இங்கிலீசுல என்னங்க எழுதியிருக்குது?"

"உங்க பேருதாங்க மாமா" என்றேன்.

நீ அதைப் படித்திருப்பாய். படித்தும் அவரிடம் சொல்லாமல் இருக்கிறாய். உன் குரலைக் கேட்கக் கூசித்தான் கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மாப்பிள்ளை