குழிக்கு நடுவே படுத்திருப்பவருக்கு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் பேரை எழுத இப்போதும் கை வரவில்லை. இருந்தபோதே சொல்லாத பேர், இனி எதற்கு?

நாங்கள் இருக்கிறோம். வெள்ளைக்காரன் சண்டை இன்னும் ஓயவில்லை, சீமையெண்ணெய் கிடைப்பதில்லை, சின்னவளுக்குப் பல் விழுந்து முளைக்கிறது.

உங்களைப் புதைத்த மேலப்புஞ்சையை உங்கள் தம்பி சுக்கான்கல் வெட்டக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, அடியில் கிடக்கும் கல்லைச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோகிறார்கள். உங்கள் சமாதியைத் தொடக்கூடாது என்று நான் மல்லுக்கு நின்றேன். மேஸ்திரி நல்ல மனிதர், அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் வெட்டினார். இப்போது இரண்டாள் ஆழக் குழிக்கு நடுவே, ஒரு மண்தூணின் உச்சியில் தனியாகப் படுத்திருக்கிறீர்கள். விளக்கு வைக்கக்கூட வழியில்லை. கோபம் வந்தால் பரண்மேல் ஏறிப் படுத்துக்கொள்வீர்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு.

போன மழையில் தூணின் ஒரு பக்கம் சரிந்தது. இந்த ஐப்பசி தாங்காது என்கிறார் மேஸ்திரி.

"குழிய மூடுனா நிக்கும்மா. ஆனா மண்ணுக்கு எங்கிட்டுப் போறது? வழிச்ச மண்ணு பூராவும் ரோட்டுக்குப் போயிருச்சு. புதுசா ஒரு பக்கம் குழி தொறந்தாத்தான் அந்த மேமண்ண இங்கிட்டுத் தள்ளலாம்."

திறக்க மிச்சமிருப்பது என் பேரில் இருக்கும் கிணற்றடி வயல் ஒன்றுதான். நானும் இரண்டு பெண்களும் கஞ்சி குடிப்பது அதில்தான்.

"அண்ணனுக்காகத்தான மதினி, சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்கிறார் உங்கள் தம்பி. அண்ணன்மேல் இவ்வளவு பாசம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ!

"நீ மாட்டேன்னா, புருசன் எலும்பக் குழியில உருளவிட்டவன்னு ஊரு பேசும்டி" என்கிறாள் என் ஆத்தா.

கொடுத்தால் பிள்ளைகள் பட்டினி. கொடுக்காவிட்டால் நீங்கள் குழியில். இருதலைக்கொள்ளி எறும்பாக நான். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள்மேல்தான் கோபம் வருகிறது. என் புஞ்சையிலேயே என்னை வையுங்கள் என்று அப்படி ஏன் அடம்பிடித்தீர்கள்? எல்லாரையும் போலச் சுடுகாட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?

நேற்று மேஸ்திரியிடம் ஏணி கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"அவுகள எறக்கணும்."

"இது பொம்பளையாளு செய்யிற காரியமாம்மா?"

"ஆம்பளையாளுக செஞ்சதத்தான் பாத்தாச்சே" என்றேன். ஏணியை அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். உங்களை எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறேனோ?

வருகிற வெள்ளிக்கிழமை மண்வெட்டியோடு நானே ஏறி வருகிறேன். ஓர் எலும்பு விடாமல் என் சேலையில் கட்டி இறக்கி, கிணற்றடி வயலின் நடுவில் வைப்பேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இந்தத் தடவை உங்களைச் சுற்றி வெட்டவும் ஒருத்தனை விடமாட்டேன்.

உங்கள் மாமன் மகள்,
செல்லம்