எல்லையில் நிற்காத பஸ்

இன்று மத்தியானம் பசை டியூபின் மூடியைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரியில் அதே வாடகை வீட்டு மொட்டைமாடி, மாட்டுப் பண்ணைப் பக்கமிருந்து புல்வாசத்தோடு அதே காற்று. அடுத்த பொம்மை பஸ்ஸுக்கு ஃபோம் ஷீட்டை வெட்டிப் போட்டிருக்கிறேன், கண் சொருகுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பெனி ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிய நீ திரும்ப ஏறவே இல்லை என்பது இந்த மாதிரி நேரத்தில் எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிவதில்லை.

ஊர்ச் சேதி சொல்கிறேன், கேள். கம்பெனியில் நாம் வேலை பார்த்த லைனை மூடிவிட்டார்கள். பெர்மனென்ட் ஆட்களை வேறு பக்கம் மாற்றினார்கள். என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான். இப்போது குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு குடோனில் லோடு இறக்குவதை மேற்பார்க்கிறேன். சம்பளம் பாதி. இதற்கு நடுவில் மகளுக்குக் கிருஷ்ணகிரியில் நர்சிங் சீட் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். ஃபீஸ் எவ்வளவு என்று தெரிந்தபோது பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

விற்கிற மாதிரி வீட்டில் இருந்தது நாம் சேர்ந்து செய்த அந்தப் பொம்மை பஸ் ஒன்றுதான்.

அதைச் செய்யலாம் என்று நீ சொன்ன மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தண்ணீர்த் தகராறில் இரண்டு மாநிலத்துப் பஸ்களும் எல்லையோடு நின்றுவிட்டன. கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் இறங்கி, நம் பக்கம் ஜூஜூவாடிக்கு ஜனத்தோடு ஜனமாக நடந்தோம். வீட்டில் கன்னடம் பேசுகிற நீயும் தமிழ் பேசுகிற நானும், தண்ணீர் யாருக்கு என்று வழிநெடுகக் கத்திக்கொண்டு வந்தோம். மூட்டையோடு பின்னால் வந்த ஒரு அம்மா, "சண்டைய அப்பறம் வெச்சுக்கோங்கப்பா, இத ஒரு கை புடிங்க" என்றாள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம். அப்போதும் நீ வாயை மூடவில்லை. ஜூஜூவாடியில் டீ குடிக்கும்போதுதான் சொன்னாய்: "யோவ், நாம ஒரு பஸ் செய்யலாம்யா. அது எங்கயும் நிக்கக் கூடாது."

பாடி என் வேலை, எழுத்து உன் வேலை. ஓசூர், பெங்களூர் என்று தமிழிலும் கன்னடத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாய். எது மேலே என்று அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் முன்போர்டில் தமிழ் மேலே, பின்போர்டில் கன்னடம் மேலே என்று சமாதானம் ஆனோம். உள்ளே குட்டி விளக்கைப் போட்டால் சீட்டெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்தபடியே நான் தூங்கிப்போவேன். கனவில் நீயும் நானும் அந்தச் சீட்டில் போய்க்கொண்டிருப்போம், ஜன்னலில் சூளகிரி மலை வரும். பெங்களூர் பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் இருக்கிற சூளகிரியில் என்ன வேலை என்று கனவில் யாரும் கேட்பதில்லை.

வாங்க வந்தவர் நம் வார்டு கட்சிக்காரர். உன் கட்சி இல்லை, என் கட்சிதான். ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைக்க நல்ல விலை சொன்னார். "கீழ இருக்கற கன்னடத்த மட்டும் எடுத்துருங்க. எலெக்‌ஷன் வருது, பாக்கறவன் ஏதாவது சொல்லுவான்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்தேன். பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "எழுதுனவரு வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

தளி ரோட்டில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "எடுத்துடுங்கண்ணா, பொண்ணு படிக்கட்டும். அவரு இருந்தா அவரே எடுத்துக் குடுத்திருப்பாரு. அப்பறம் வருசம் பூரா உங்களத் திட்டியிருப்பாரு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இப்பத் திட்டத்தான் ஆளில்ல" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு உன் எழுத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மறுநாள் கட்சிக்காரரிடம், "ரெண்டு எழுத்தும் இருக்கும். வெலைய வேணா கொறச்சுக்கோங்க" என்றேன்.

"அப்ப பாதிதான்."

"பாதியே குடுங்க."

கன்னடம் கண்ணில் படக் கூடாதென்று அவர் பஸ்ஸின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பின்போர்டு தெரிந்தது, அதில் கன்னடம் மேலே. மறுபடி நேராகவே திருப்பிவிட்டார். வெளியே வந்து, சொல்லிச் சிரிக்க நீ இல்லாமல் ரோட்டைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு வந்தது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

குறைந்த பாதிக்குக் கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினேன். மகள் காலேஜுக்குப் போய்வருகிறாள். மாதம் பிறந்தால் தவணை. மற்ற கடனைக் கட்டும்போதெல்லாம் வயிறு எரியும். இதைக் கட்டும் நாளில் மட்டும், உன்னோடு வாயாடிவிட்டு வந்த மாதிரி மனசு லேசாக இருக்கிறது. இன்னும் நிறைய மாதம் பாக்கி. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது.