அறுகங்குடாவுக்கு நான்கு நாள்

1979 ஜூன் 4, திங்கள்

காற்று பலம், மழை இல்லை. மேலமாசி வீதி முழுக்கப் புழுதி. பாஸ்போர்ட் பதிவுத் தபாலில் வந்தது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் கடல் பயணம். அதுவும் செய்திக்காக இல்லாமல்.

வழி: ராமேஸ்வரம், கப்பல், தலைமன்னார், கொழும்பு. ரயிலில் பதுளை. அங்கிருந்து பஸ்ஸில் பொத்துவில், அறுகங்குடா. பலகைமேல் நின்றபடி அலையோடு கரைக்கு வருகிறார்களாம். போன வருடம் கோயில் வாசலில் பேட்டி கண்ட ஆஸ்திரேலியர் கொடுத்த படம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில். இந்த மாதங்களில்தான் அங்கே நல்ல அலை என்றார்.

சரசுவிடம் சொன்னேன். "வைகையில தண்ணி வந்தாலே கரையில நின்னு குறிப்பெடுக்குற ஆளு. நீங்க அலைக்குள்ள எறங்கப் போறீகளாக்கும்?" பிறகு அவளே, மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டாமா என்று கேட்டாள்.

ஜூன் 6, புதன்

வாங்க: வாந்தி மாத்திரை, டார்ச் செல், அரைக்கால் டிராயர் (சரசுவுக்குத் தெரியாமல்).

ஆபீஸில் போட்டோகிராபர் தாசன்: "அண்ணே, மொதல்ல நம்ம பெஞ்சு மேல நின்னு பழகுங்க. விழுந்தாத் தூக்க நாங்க இருக்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

காலண்டரின் பின்புறம் வழியை எழுதினேன். பதுளை வந்ததும் கை நின்றது. வீரையாவின் மகள் இருந்த தோட்டம் அதற்குப் பக்கம். இத்தனை நாளும் அது நினைவுக்கு வரவில்லை என்று எழுத வந்தேன். பொய். வந்தது, தள்ளி வைத்தேன்.

ஜூன் 7, வியாழன்

வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வீரையா: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இப்போது மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிறார். அனுப்பும் பட்டியலில் மகள் பெயரும் உண்டு. அவள் கப்பலேறவில்லை. கட்டியவனோடு அங்கேயே மறைந்து தங்கிவிட்டாள்.

இரண்டு வருடம் முன்பு இதை எழுதினேன். பெயர், வயது, ஊர் இல்லாமல் செய்தி கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம். மகளின் பெயர், வயது, தோட்டம் மூன்றையும் போட்டேன். நல்ல கட்டுரை என்றார்கள்.

போன வருடம் மண்டபம் முகாமில், அதே தோட்டத்திலிருந்து வந்த ஒருவர்: "ஒங்க பேப்பரக் கையில வச்சுக்கிட்டுத்தாங்க போலீஸ்காரங்க லயத்து வீடுகள்ல வந்து தேடுனாங்க. அந்தப் புள்ளயும் புருசனும் அன்னைக்கே ஓடிட்டாங்க. எங்கன்னு தெரியல."

மகளிடமிருந்து வீரையாவுக்குக் கடிதம் நின்றது அந்தத் தேடலுக்குப் பிறகுதான். அவரிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் 9, சனி

வீரையா ஆபீஸுக்கே வந்துவிட்டார். கட்டுரைக்காக அவரைப் படமெடுத்த தாசன் என் பயணத்தைச் சொல்லியிருக்கிறான். கையில் ஒரு சேலைப் பொட்டலம்.

"ஐயா, அந்தப் பக்கந்தான போறீங்களாம். ஒரு எட்டு பாத்து இதக் குடுத்துருங்க. பெத்தவன மறந்துட்டா, கழுத. நமக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது."

வாங்கிக்கொண்டேன். டீ சொன்னேன். இரண்டாவது டீயும் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜூன் 10, ஞாயிறு

சரசுவிடம் எல்லாம் சொன்னேன். சேலையைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப மடித்தாள்.

"ரெண்டு வருசமா அந்த மனுசன் மகளத் திட்டிக்கிட்டு இருக்காரு. அம்புட்டுத் திட்டும் ஒங்களுக்குச் சேர வேண்டியது."

ஜூன் 11, திங்கள்

காலை மேலூர் பஸ். பிறகு நடை. குவாரியில் நிழல் கிடையாது. நான் சொன்னதையெல்லாம் வீரையா உளியைக் கீழே வைக்காமலே கேட்டார். கட்டுரை, தேடி வந்தது, முகாமில் கேள்விப்பட்டது, ஒரு வருடம் நான் மறைத்தது. அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் போயிருந்தேன்.

"அப்ப அவ மறக்கலீங்களா?"

"எழுத வழியில்லாம இருப்பா வீரையா."

முகம் ஒரு கணம் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல், "அங்கிட்டுப் போயி அவ பேரச் சொல்லி யாருகிட்டயும் கேட்டுப்புடாதீங்க" என்றார். சுத்தியலை எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சத்தத்தில் காதில் விழுந்ததா, தெரியாது.

ஜூன் 12, செவ்வாய்

வெயில். ஸ்வெட்டர் இரவல் கிடைத்தது.

அறுகங்குடாவுக்கு ஒதுக்கிய நான்கு நாளில் மூன்றை அடித்து, பதுளை என்று போட்டேன். தோட்டத்தின் பெயர் எழுதவில்லை. ஓர் ஆளைப் பெயர் சொல்லாமல் தேடுவது எப்படி? இருபத்தெட்டு வருடத் தொழிலில் அது தேவைப்பட்டதில்லை.

அலைக்கு ஒரு நாள் மிச்சம். அதையும் அடிக்கப் பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை.