அதே மனையில்

தியாகராய நகர்
12.6.2023

அன்புள்ள தேவானைக்கு,

நலம். நீயும் ஷ்ரேயாவும் நலமா? அடையாறுக்கு வந்து இரண்டு வருஷமாகியும், காலையில் எழுந்ததும் என் அம்மி கேட்பது ஒன்றுதான்: "தேவானை தண்ணி புடிச்சிட்டாளா?" அவர் மனசு இன்னும் நாம் ஒன்றாகக் குடியிருந்த பாக்கியம் ஸ்டோரின் குழாயடியில்தான் இருக்கிறது.

போனில் பேசினால் சிரித்தே நேரம் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். இங்கே தி. நகரில் நான் வேலை பார்க்கும் கட்டுமான நிறுவனங்களின் பேரவை, அரசு அமைத்த குழுவுக்கு ஓர் அறிக்கை தரப்போகிறது. ரயில் நிலையங்களைச் சுற்றிக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஊர் பெருகிவிட்டது, வீடு போதவில்லை, அது உண்மைதானே. அதில் நான் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். கூடுதல் மாடி கட்டுபவர்கள் ஐந்தில் ஒரு வீட்டை அதே மனையில் சிறு வீடாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கு முதல் உரிமை. எங்கள் தலைவர் வெங்கடரமணன் ஒப்புக்கொண்டுவிட்டார்.

நம் ஸ்டோர் மந்தைவெளி நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை. ஓனர் என்றைக்காவது விற்கத்தான் போகிறார். அன்றைக்கு முப்பத்தெட்டு குடித்தனமும் எங்கே போகும்? இந்த ஒரு வரி விதியாகிவிட்டால் யாரும் எங்கேயும் போகவேண்டாம்.

ஆனால் பில்டர்கள் மட்டும் கேட்டால் யார் நம்புவார்கள்? குடியிருப்பவர்களின் வார்த்தையும் கையெழுத்தும் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பாதி மந்தைவெளிக்கு மனு எழுதித் தருகிறவள் நீ. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன்
மஹ்விஷ்

*

மந்தைவெளி
2.7.2023

என் மஹ்விஷுக்கு,

இங்கு எல்லோரும் நலம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னேன் என்று அம்மியிடம் சொல். தேய்க்க மாட்டார், தெரியும்.

பத்து நாளாக, தினமும் வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறினேன். ஜெயலக்ஷ்மி அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "எத்தினி மாடி வேணா கட்டிக்கட்டும். நாலு வூட்ல சமைச்சிக்கினு கீறேன். நடந்து போற தூரத்துல எனக்கு ஒரு ரூம்பு இருந்தா போதும். தூரமா தள்ளிட்டாங்கன்னா நாலு வேலையும் பூடும்."

டெய்லர் ஷாஹுல் ஹமீது பாய் மட்டும் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். "கையெழுத்து போட்ட பேப்பரு எங்க போய் நிக்கும்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார். மஹ்விஷ்தான் எழுதுகிறாள், நம்ம ஏழாம் நம்பர் பெண் என்றேன். "அவ இப்ப பில்டரு ஆபீஸு. நீ முதல்ல போடு, உன் பேருக்குக் கீழ நான் போடறேன்" என்றார். போட்டேன். அவரும் போட்டார்.

முப்பத்தெட்டு கையெழுத்தும் இத்துடன் இருக்கின்றன. மனுவில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். 'அதே மனையில்' என்பது இருந்தால்தான் மற்றதெல்லாம். அது இல்லாவிட்டால் இந்தக் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

அன்புடன்
தேவானை

*

தியாகராய நகர்
19.11.2023

அன்புள்ள தேவானைக்கு,

உன் உழைப்பு வீண்போகவில்லை. குழுவின் முன்னால் அறிக்கையை வைத்தோம். ஜெயலக்ஷ்மி அக்காவின் வார்த்தைகளை நானே வாசித்தேன். அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். வெளியே வந்ததும், "இருபது வருஷமா புள்ளிவிவரம் குடுத்தோம், யாரும் கேக்கல. இன்னிக்குக் கேட்டாங்கம்மா" என்றார் வெங்கடரமணன்.

சில இடங்களில் வாசகத்தை நடைமுறைக்கு ஏற்றபடி சரிசெய்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

இன்னொரு சேதி. அடுத்த மாதத்திலிருந்து நான் கொள்கைப் பிரிவு இயக்குநர். அம்மி அக்கம்பக்கமெல்லாம் இனிப்பு கொடுத்தார். உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், வந்து வாங்கிக்கொள்.

உன்
மஹ்விஷ்

*

மந்தைவெளி
6.2.2025

மஹ்விஷுக்கு,

ஸ்டோரை விற்றுவிட்டார்கள். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று போன வாரம் நோட்டீஸ் வந்தது. நான் கவலைப்படவில்லை. குழாயடியில் எல்லோரையும் கூட்டி, "நமக்கு இங்கேயே வீடு உண்டு, விதியில் இருக்கிறது" என்றேன். ஸ்டோரை வாங்கின கம்பெனி ஆளிடமும் அதையே சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "உண்டும்மா. ஆனா இங்க இல்ல. செங்கல்பட்டு தாண்டி எங்க சைட்டுல, கட்டி ரெடியா இருக்கு" என்றான்.

உங்கள் அறிக்கையை வைத்துப் போன வருஷம் வந்த அரசாணையைக் கடையில் எடுத்துப் படித்தேன். 'அதே மனையிலோ, பெருநகரப் பகுதிக்குள் வேறு இடத்திலோ.' நாலைந்து சொல்தான் கூடுதல். ஒவ்வொரு மனையிலும் பெயருக்கு நான்கு சிறு வீடு கட்டினால் போதுமாம். மிச்சத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாமாம்.

உங்கள் பேரவை அச்சிட்ட வழவழப்பான புத்தகத்தையும் அவன் காட்டினான். "நீங்க எல்லாரும் கேட்டுத்தானேம்மா இது வந்துச்சு" என்றான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஜெயலக்ஷ்மி அக்கா பேசுகிறார். ஒரு ரூம் இருந்தால் போதும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தூரமாகத் தள்ளினால் வேலை போய்விடும் என்று அவர் சொன்னதைக் காணோம். பின்பக்கத்தில் எங்கள் கையெழுத்துகள். முதலில் என்னுடையது.

மயிலாப்பூரில் உங்கள் பெயரைக் கேட்டதும் எல்லா வீடும் வாடகைக்கு இல்லை என்று ஆகிப்போன நாளில், எங்கள் அப்பா ஓனர் வாசலில் போய் நின்று, "இவங்களுக்கு நான் பொறுப்பு" என்றார். இதை ஒருநாளும் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன். சொல்லவைத்துவிட்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சொல் மாறியது உனக்கு எப்போது தெரியும்? வாசிப்பதற்கு முன்பா, பின்பா?

தேவானை

*

அடையாறு
17.2.2025

அன்புள்ள தேவானைக்கு,

முன்பே தெரியும். முந்தின நாள் மாலை வெங்கடரமணன் திருத்திய பிரதியைக் கொடுத்தார். "மயிலாப்பூர் நெலத்து வெலைக்கு அங்க சின்ன வீடு கட்டினா எவனும் கட்ட வரமாட்டான்மா. இந்த வரி இல்லன்னா பாதி மெம்பர் கையெழுத்து போட மாட்டான்" என்றார். நான் மறுத்தால் வேறொருவர் போய் வாசிப்பார், நிபந்தனையே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். செங்கல்பட்டு தாண்டியானாலும் அவை வீடுகள் தேவானை. தனிக் குழாய், தனிக் கழிப்பறை. வீடுகள் பெருகினால்தான் வாடகை இறங்கும், பத்து வருஷத்தில் நீயே பார்ப்பாய்.

ஆனால் உன்னிடம் மறைத்தது தவறு. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

நீ சொன்ன அந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை உனக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது தரும் வாடகையேதான். கட்டி முடிக்கும்வரை மந்தைவெளியிலேயே வேறு வீடு பார்த்துத் தருவார்கள். படிவம் இத்துடன் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் என்னால் முடிந்தது. மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

இந்த வருஷம் ஷ்ரேயாவுக்குப் பத்தாம் வகுப்பு. அவளுக்காகவாவது யோசி.

உன்
மஹ்விஷ்

*

மந்தைவெளி
4.5.2025

மஹ்விஷுக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

முதல் வாரம் அதைக் கிழித்துத் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். கோட்டூர்புரம் வரை வீடு தேடிவிட்டேன். நான் சம்பாதிப்பதற்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. ஷ்ரேயா பரீட்சை எழுதி முடித்த அன்று, "அம்மா, அங்க ஸ்கூலு இருக்கா?" என்றுதான் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேனில் எல்லோரும் போனார்கள். ஜெயலக்ஷ்மி அக்காவுக்கு இரண்டு வீட்டு வேலை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு வீட்டிலும் அவரே சொல்லிவிட்டு வந்தார். ஷாஹுல் ஹமீது பாய் தையல் மெஷினை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். என்மேல் பழி சொல்வார் என்று நின்றிருந்தேன். "நீ எப்பம்மா வர்ற? எங்க பக்கத்து வீட்ட உனக்குச் சொல்லி வெக்கட்டா?" என்றார்.

அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரியும்போது என் முகம் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தை நான் மூன்று மாதமாக அப்படித்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இன்று காலை கையெழுத்துப் போட்ட பிறகு எடுத்துப் படித்தேன். எல்லா வரியும் எனக்கும் பொருந்தியது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மன்னிக்கிற இடத்தில் இப்போது நான் இல்லை. அம்மி கேட்டால் தேவானை ஸ்டோர்காரர்களோடு போய்விட்டாள் என்று சொல். அவராவது நம்பட்டும்.

வீடு தயாரானதும் சாவியை ஆபீஸ் ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. நீ கொண்டு வராதே.

இப்படிக்கு
மு. தேவானை