கிழக்குச் சுவரில் சிவப்புக் கல்

வடக்குப்பட்டி,
திருச்சுழி வழி.
கார்த்திகை, 1969

என் மச்சானுக்கு, ஆவுடைத்தாய் வணங்கி எழுதுவது. ஜெய்ப்பூரிலிருந்து நீங்கள் போட்ட கார்டு வந்து சேர்ந்தது. எந்த ஊரில் எந்தத் தெருவில் படுத்திருக்கிறீர்களோ என்று இத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டு வந்த அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீங்கள் கொண்டுபோன கல் கெம்பு இல்லை, கார்னெட் என்று சேட்டு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உள்ளே கீறல் ஓடுவதால் பட்டை தீட்டும்போதே உடைந்துபோகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் மச்சான்? பாறைக்குள் கிடந்ததுதானே. அங்கேயே பட்டறையில் வேலை பழகிவிட்டு வருகிறேன் என்று எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். கார்டில் அந்தப் பேச்சு இல்லை. இடம் பத்தாமல் விட்டிருப்பீர்கள்.

கிணறு நீங்கள் விட்டுப்போன மாதிரியே கிடக்கிறது. மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி, அதுவும் வற்றிவிட்டது. வெட்டுக்கார மொக்கையன் அண்ணன் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். தண்ணிக்குன்னு தோண்டின கெணத்துல உம்புருசன் கல்லு பின்னாலேயே கிழக்கால குடைஞ்சுக்கிட்டுப் போயிட்டானே, கீழ போயிருந்தா ஊத்தைப் பாத்திருக்கலாமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவுக இல்லாத நேரத்தில் அவுகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு நானும் எட்டிப் பார்த்தேன். கிழக்குச் சுவரில் நீங்கள் குடைந்த பொந்துக்குள் வெயில் விழுந்து, கல்லெல்லாம் மாதுளை முத்து மாதிரி மினுங்கியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஊருக்குள் வந்து இரு என்று சந்தனம் மதினி கூப்பிடுகிறது. நான் போகவில்லை. நீங்கள் வந்தால் நேரே நம் புஞ்சைக் காட்டுக்குத்தானே வருவீர்கள், குடிசை பூட்டிக் கிடக்கக் கூடாது. பகலெல்லாம் ஆடுகளோடுதான் பேச்சு. சில நாள் அதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஆவுடைத்தாய்


வடக்குப்பட்டி.
மாசி, 1970

அன்புள்ள மச்சானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அது வந்து சேரவில்லையோ என்று பட்டறை விலாசத்தை இந்த முறை பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

தை பிறந்து பொங்கல் கழிந்ததும் நமக்குப் பெண் குழந்தை பிறந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில்தான். வலி எடுத்ததும் சந்தனம் மதினி வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றியது. பிள்ளை பெரிய பிள்ளை, கொஞ்சம் கஷ்டப்பட்டேன். இப்போது இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் கவலைப்படக் கூடாது.

அங்கே ஒரு நர்சம்மா, நாகர்கோவில் பக்கத்து ஆள். அவர்கள் விரலில் சிவப்புக் கல் மோதிரம் போட்டிருந்தார்கள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கார்னெட்டா என்று கேட்டேன். காட்டில் கிடக்கிற பொம்பளைக்கு அந்தப் பெயர் தெரிந்ததில் அவர்களுக்கு ஆச்சரியம். ஜனவரி மாதம் பிறந்தவர்களுக்கு உரிய கல்லாம் அது. இங்கிலீஷ்காரர்கள் மாதத்துக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்களாம். வேலைக்கு வெளியூர் போகும்போது, தூரத்தில் இருப்பவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவர்கள் அம்மா செய்து போட்டார்களாம். ஒம்பிள்ளையும் ஜனவரிதான், இது அவ கல்லு என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த நர்சம்மாவைப் பார்க்க வருகிற ஆள் யாரும் இல்லை போலிருக்கிறது. எனக்கும் இல்லை. சாயங்காலத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது என் கட்டிலருகே வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, நீங்கள் விட்டுப்போன உடைசலில் கிடந்ததில் நல்லதாக ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை ஆசாரியிடம் போனேன். பெரிய விலை போகாது, நிறம் நல்ல நிறம் என்றார். அடைத்துக் கட்டினால் கறுப்பாகத் தெரியும் என்று பின்பக்கம் திறந்தாற்போல வெள்ளியில் கட்டிக் கொடுத்தார். கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளை கழுத்தில் போட்டிருக்கிறேன். வெயில் பட்டால் அவள் நெஞ்சில் சின்னதாய்ச் சிவப்பு விழுகிறது. உங்கள் கல் வீண் போகவில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பெயர் இன்னும் வைக்கவில்லை. நீங்கள் எழுதுகிற பெயரைத்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று. மொக்கையன் அண்ணனை நானே கூப்பிட்டுக் கேட்டேன். கோடை முடிவதற்குள் கீழ்நோக்கி வெட்டிப் பார்க்கலாம், கூலி வேண்டாம், தண்ணீர் வந்தால் முதல் மிளகாயில் பங்கு கொடு என்கிறார். உங்களைக் கேட்காமல் செய்ய மனசில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஆவுடைத்தாய்


வடக்குப்பட்டி.
ஆவணி, 1970

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் எழுதவில்லை. வைகாசி வரைக்கும் பார்த்துவிட்டு, நானே சரி என்று சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மொக்கையன் அண்ணனும் அவர் ஆட்களும் வெடி வைத்தார்கள். பிள்ளையை வேப்ப மரத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு நானும் கல் சுமந்தேன். கீழேயும் அதே பாறைதான். ஆடியில் ஒரு வெடிக்குப் பிறகு மேற்கு மூலையில் ஈரம் கண்டது. மறுநாள் எட்டிப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். முதல் வாளியை மேலே தூக்கினார்கள். இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். என்னைத்தான் முதலில் குடிக்கச் சொன்னார்கள். குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர் மச்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் திரும்பினால் சொல்வதற்கு நீங்கள் இல்லை.

இப்போது தண்ணீர் ஏறி நீங்கள் குடைந்த பொந்தை மூடிவிட்டது. அந்தக் கல் இனிமேல் தண்ணீருக்குள்தான். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமலே இத்தனை நாள் போய்விட்டது.

போன வாரம் சீனிச்சாமி அண்ணன் வந்தார். லாரியில் மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், நான் கொடுத்த விலாசத்தை விசாரித்து உங்களைப் பார்த்திருக்கிறார். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். சாணைச் சக்கரத்து முன்னால் உட்கார்ந்து கல் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய், ஓயாமல் இருமுகிறீர்களாமே. என் கடிதம் இரண்டும் உங்கள் சட்டைப் பையில் இருந்ததாமே. ஊருக்கு வா என்று அவர் கூப்பிட்டதற்கு, ரத்தினம் கொண்டாரேன்னு சொல்லிட்டு வந்தவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது என்றீர்களாம்.

அதைக் கேட்டதும், நீங்கள் எங்களை மறக்கவில்லை என்று ஒரு பக்கம் சந்தோசம். இன்னொரு பக்கம் ஆத்திரம். ரத்தினம் கேட்டது யார்? நான் கேட்டேனா?

பிள்ளை தவழ்கிறாள். உங்கள் நெற்றி, உங்கள் காது. நர்சம்மாவின் பெயரைக் கேட்டு வந்து ஸ்டெல்லா என்று இப்போதைக்குக் கூப்பிடுகிறேன், சந்தனம் மதினி சிரிக்கிறது. வேறு பெயர் உங்கள் மனதில் இருந்தால் வந்து வையுங்கள். ஆம்பிளை முகத்தைக் கண்டாலே வீறிட்டு அழுகிறாள். மொக்கையன் அண்ணனிடம்கூடப் போவதில்லை. பழக்கம் இல்லாததுதான். இன்னும் நாள் போனால் உங்களிடம் பழகுவதும் சிரமமாகிவிடும்.

புரட்டாசியில் மிளகாய் நாற்றுப் பாவ வேண்டும். இருமலுக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், நர்சம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நரிக்குடி பஸ்ஸில் வந்தால் ஊர் முக்கில் இறங்க வேண்டாம். அதற்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, கண்மாய்க் கரை வழியாக நடந்து வந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் நம் காட்டுக்கு வந்துவிடலாம். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடியுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சாமி உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஆவுடைத்தாய்